லினக்ஸ் வந்த வழி: தமிழ்ப் பாடசாலைகளை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர், அவற்றை ஆக்கியவர் யாவர், விற்றவர் யாவர் என்ற அளவில் அமைந்துவிடுவது வழக்கம். அவை பழுதுற்றபோது திருத்தியவர் யாவர் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் எனத் தெற்கு நோக்கி நீளும் கரையோரத்து மீனவர்க்கு இவ்வினாவின் பொருள் நன்கு விளங்கும். மீனவன் தன் வலையின் கிழிசலைக் கரையிலே அமர்ந்து தானே சீர்செய்துகொள்கிறான். வலையை விற்ற வணிகனின் அனுமதியை அவன் நாடுவதில்லை. ஆனால் அதே ஊரின் பாடசாலையிலுள்ள கணினி பழுதுற்றால், அதன் உள்ளே இயங்குவது இன்னதென அறியவோ, அறிந்ததைத் திருத்தவோ, திருத்தியதை அயற்பாடசாலைக்கு வழங்கவோ அதனை ஆள்வோர்க்கு உரிமை உண்டா? இவ்வினாவுக்கு ‘உண்டு’ என விடைகூற முற்பட்டதே லினக்ஸ் என்னும் முறைமையின் வரலாறு.

கணினியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து, ஏனைய மென்பொருள்கள் இயங்குதற்கு இடமளிப்பது பணிசெயல் முறைமையாகும். இலங்கைப் பாடநூல்கள் இவ்வாறு வழங்குவதனைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் அல்லது இயக்க அமைப்பு என்பர். மேசைக் கணினிகளிலே இப்பணியை மிகப் பரவலாக ஆற்றிவருவது அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஆக்கிய விண்டோஸ் ஆகும். 1985ஆம் ஆண்டிலே அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. 1995ஆம் ஆண்டின் பதிப்பு உலகெங்கும் பரவியது. 2001இல் வந்த எக்ஸ்பி என்னும் பதிப்பு, பதின்மூன்றாண்டுக் காலம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் நிலைபெற்றிருந்தது. புதிய கணினி வாங்குவோர்க்கு விண்டோஸ் அதனோடு உடன்பிறந்த உறுப்பெனவே தோன்றியது. அதனைத் தெரிந்தெடுத்தோம் என்ற நினைவுகூடப் பலர்க்கு எழவில்லை. தெரிவு என ஒன்று உண்டு என அறியாத இடத்திலே தெரிவு நிகழ்வதில்லை.

மாற்றுவழி ஒன்று வேண்டுமென்ற எண்ணம் 1983ஆம் ஆண்டிலே றிச்சாட் ஸ்ரோல்மன் என்பவரால் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பணியாற்றிய அவர், எவரும் பயன்படுத்தவும், கற்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையுடைய முழுமையான முறைமை ஒன்றை ஆக்க முற்பட்டு, அதற்குக் ‘குனூ’ எனப் பெயரிட்டார். 1989இல் அவ்வியக்கம் வெளியிட்ட பொதுமக்கள் உரிமம், ‘பெற்றதைப் பிறர்க்கும் அதே உரிமையோடு வழங்குக’ என்னும் கட்டளையைச் சட்டமொழியிலே அமைத்தது. பிற உறுப்புகள் பல அமைந்தும், வன்பொருளை நேரே ஆளும் கருவாகிய பகுதி அம்முறைமைக்குக் குறையாக இருந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் அக்குறையை நிரப்பினார். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆந் திகதி தம் முயற்சியை அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டிலே அதனைப் பொதுமக்கள் உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இவ்விரண்டும் இணைந்த முறைமையே பொதுவழக்கில் லினக்ஸ் எனப்படுகின்றது.

கருவொன்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒருவர் வினாத்தாள் தட்டெழுத முடியாது. எனவே கருவையும் பிற மென்பொருள்களையும் ஒருங்கு கட்டி வழங்கும் வழங்கல்கள் தோன்றின. 1993இல் தோன்றிய டெபியன் அவற்றுள் மூத்தனவற்றுள் ஒன்று. சாளரமும் சுட்டியும் கொண்ட மேசைச்சூழல்களாக 1996இல் கேடீஈயும், 1997இல் க்னோமும் தொடங்கப்பெற்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வர்த்தின் ஆதரவிலே உபுண்டு 2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. கேட்டோர்க்கெல்லாம் அதன் இறுவட்டைத் தபால்மூலம் இலவசமாக அனுப்பும் ஏற்பாடு 2005 முதல் 2011 வரை நடைபெற்றது. இணைய வேகம் குறைந்த நாடுகளிலே அவ்வுறை பல மாணவர்க்கு முதல் அறிமுகமாயிற்று. வன்தட்டிலே எதனையும் மாற்றாது, இறுவட்டிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கும் வசதியும் அக்காலத்திற் பரவியமையால், புதியதைச் சோதிப்போர்க்கு உள்ளதை இழக்கும் அச்சம் நீங்கிற்று.

தமிழர்க்கோ இவை யாவற்றிலும் முந்திய இடர் ஒன்றிருந்தது, அஃது எழுத்து. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. இலங்கையிலே அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பாமினி என்னும் எழுத்துரு வேரூன்றியது. அதிலே தட்டெழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கூட்டமாகத் தோன்றும். இந்நிலையை நீக்கப் பலநாட்டுத் தமிழர் முயன்றனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை அமைந்தது. மின்னஞ்சல்வழி உரையாடிய தமிழார்வலர் குழுவொன்று திஸ்கி என்னும் குறியீட்டு முறையை வகுத்தது. ஒருங்குறி எனப்படும் யுனிக்கோட் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்ததாயினும், கணினிகள் அதனைத் திரையிற் செவ்வனே காட்டுதற்குப் பல ஆண்டுகள் சென்றன. விண்டோஸ் 2000 பதிப்பு ‘லதா’ எழுத்துருவோடு அவ்வசதியை அளித்தது. அக்காலத்துத் தமிழர் அதற்குக் கடப்பாடுடையர் என்பதை மறைத்தல் முறையன்று.

எனினும் இரு வழிகளிடையே ஒரு வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. விண்டோஸிலே தமிழ் எப்போது எவ்வடிவில் வரும் என்பதை நிறுவனம் தீர்மானித்தது. லினக்ஸிலோ, தமிழ் வேண்டியோர் தாமே உட்சென்று அதனை அமைக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டையடுத்து இலங்கை, இந்தியா, மலேசியா, மேலைநாடுகள் எனப் பரந்திருந்த தமிழ்த் தொண்டர்கள் கேடீஈ, க்னோம் ஆகியவற்றின் பட்டியல்களையும் அறிவித்தல்களையும் தமிழாக்கினர். கேடீஈயின் அடித்தளமான கியூற்றி நூலகத்திலே திஸ்கியை யுனிக்கோடாக மாற்றும் பகுதியைச் சேர்த்தவர் ஹான்ஸ் பீற்றர் பீக்கர்; குனூ முறைமையின் அடிப்படை நூலகத்தில் 2002இல் அதே பணியைச் செய்தவர் புரூனோ ஹைபிள். இவ்விருவரும் தமிழரல்லர். கதவு திறந்திருந்தமையால் அயலாரும் உள்ளே வந்து உதவினர் என்பதே இதனாற் பெறப்படுவது. இலங்கைத் தட்டெழுத்தாளர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸின் உள்ளீட்டு முறைத் தொகுதியிலே தனிக்கோப்பாக இடம்பெற்றது. நாட்பெயர், நாணயக்குறி முதலியவற்றைக் கொண்ட வட்டாரக் குறிப்பும் இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என இரண்டாக அமைந்துள்ளது. சனத்தொகையாற் சிறிய ஒரு மக்கட் கூட்டத்தின் வழக்கு இவ்வாறு மதிக்கப்படுதற்குச் சந்தையின் அளவு காரணமன்று. அதனைச் செய்ய முன்வந்த சிலரின் ஊக்கமே காரணம்.

இலங்கையிலே லினக்ஸ் ஆர்வலர் குழு சிங்கள எழுத்துருவையும் உள்ளீட்டையும் அமைத்தது. நாட்டு மொழிகளிலே பயன்படுமாறு ‘ஹந்தான’ என்னும் வழங்கலும் பின்னர் வெளிவந்தது. 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் தொடங்கப்பெற்றது. அதன் வினைத்திறன் மறுவருடமே ஒரு பெருந்துயரிலே சோதிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைத் தாக்கி 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மாவட்டங்களுள் அம்பாறையே மிகக்கூடிய இழப்பை அடைந்தது; அங்கு இறந்தோர் பதினாயிரத்தைக் கடந்தனர். கல்முனை முதல் திருக்கோவிலுக்கு அப்பாலும் உள்ள ஊர்களிலே தமிழர், முசுலிம்கள் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பமும் எவரையேனும் தேடிக்கொண்டிருந்தது. காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எத்தனை பேர் உளர், எந்நிறுவனம் எவ்வூரில் உதவுகின்றது என்ற செய்திகள் ஓரிடத்திலே திரளாமையால் உதவி ஓரூரிற் குவிந்து மற்றோரூரைச் சேராதொழியும் நிலை இருந்தது.

அவ்வேளை கொழும்பிலே லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்களும், மென்பொருள் நிறுவன ஊழியரும், பல்கலைக்கழகத்தாரும் சில கிழமைகளுள் ஒரு முறைமையை எழுதினர். சிங்களத்திலே நிவாரணம் எனப் பொருள்படும் ‘சகன’ என்பது அதன் பெயர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகிய பகுதிகளை அது கொண்டிருந்தது. லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களின்மேல் அஃது எழுப்பப்பட்டமையால், எவரிடமும் அனுமதி பெறவோ கட்டணம் செலுத்தவோ காத்திருக்க வேண்டியதில்லாயிற்று. அடுத்த ஆண்டு பாக்கிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006இல் பிலிப்பைன்சில் மண்சரிவு நேர்ந்தபோதும் அதே முறைமை அங்கங்குத் தக்கவாறு மாற்றிப் பயன்படுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனவுக்கு வழங்கியது. சகன மேசைக் கணினிக்குரிய பணிசெயல் முறைமையன்று. வலைவழி இயங்கும் பயன்பாடே. ஆயினும் உரிமம் என்னும் சட்டச்சொல் இடுக்கண் வந்தவிடத்து எத்துணைப் பயன் விளைக்கும் என்பதை இக்கரையோரத்தின் துயரமே உலகுக்குக் காட்டிற்று.

மேசைக் கணினியிலே லினக்ஸைப் பாடசாலைகளுக்குக் கொணர்ந்த வரலாற்றுக்குச் சிறந்த சான்று கேரளமாகும். 2001இல் அங்கே ‘ஐ.ரி. அற் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அதே ஆண்டிலே ஸ்ரோல்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடக்கிவைத்தார். திட்டத்தின் முற்பகுதியிலே விண்டோஸ் இடம்பெற்றிருந்தது. பொதுப்பணத்தில் நடைபெறும் கல்வி ஒரு நிறுவனத்தின் பொருளைச் சார்ந்திருத்தல் தகுமா என ஆசிரியரும் ஆர்வலரும் வினா எழுப்பினர். சில ஆண்டுகளுள் பாடசாலைகள் லினக்ஸுக்கு மாறின. பாடசாலைக்கெனத் தனிவழங்கல் முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் தழுவி ஆக்கப்பெற்றது. ஆசிரியர் பயிற்சி, பாடநூல், பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றும் அவ்வழங்கலையே அடிப்படையாகக் கொண்டன. 2017இல் அத்திட்டம் ‘கைற்’ என்னும் அரச நிறுவனமாயிற்று. 2019இல் புதிய பதிப்பு வெளியானபோது, இரண்டு இலட்சம் கணினிகளில் அது நிறுவப்படுமென்றும், உரிமக் கட்டணமாக ஏறத்தாழ 3,000 கோடி இந்திய உருபா மிச்சமாகுமென்றும் மதிப்பிடப்பட்டது.

தமிழ்நாட்டின் வரலாறு வேறு வகையானது. 2006 முதல் 2008 வரை தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராயிருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றி, அரசின் கொள்வனவுகளிலும் அதனைப் புகுத்த முயன்றார். 2007இல் இந்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையிலே ‘பொஸ்’ என்னும் லினக்ஸ் வழங்கலை வெளியிட்டது. 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் இடம்பெற்றது. ஒரே கணினியில் பொஸ், விண்டோஸ் ஆகிய இரண்டும் நிறுவி அளிக்கும் முறை அமைந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதியோடு எக்ஸ்பிக்குரிய ஆதரவு முடிவுற்றபோது, பொஸ் லினக்ஸை நிறுவுமாறு அரசு தன் திணைக்களங்களுக்கு அறிவுறுத்தியது. 2018இல் வெளிவந்த பதினொராம் வகுப்புப் பாடநூல் விண்டோஸையும் உபுண்டுவையும் அருகருகே வைத்துக் கற்பித்தது. இவ்வரலாற்றிலே நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, தொடர்ச்சிக்கே குறைவுண்டு. ஓர் அலுவலரின் ஊக்கம் அவர் பதவி நீங்கியபின் தளர்ந்தது. ஆணைகள் வந்தன, அவற்றை வகுப்பறையிலே தாங்கி நிற்கும் பயிற்சி, கேரளத்திற் போல, ஆண்டுதோறும் தொடரவில்லை.

ஐரோப்பாவிலும் இதனையொத்த நிகழ்ச்சியைக் காணலாம். ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைப்பின்பின் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஆயினும் 2017இல் அதே சபை மீண்டும் விண்டோஸை நாடத் தீர்மானித்தது. ஆட்சியாளர் மாறியமையும், வெளியாரோடு கோப்புகளைப் பரிமாறுவதில் எழுந்த முறைப்பாடுகளும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அண்மைக் காலத்திலே அந்நாட்டின் சிலெசுவிக்–ஹோல்ஸ்ரைன் மாநிலம் தன் அலுவலகங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் பணியைத் தொடங்கியுள்ளது. வென்றது இது, தோற்றது அது என முடிவுகட்டுதற்கு இவ்வரலாறு இன்னும் இடந்தரவில்லை.

இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. லினக்ஸ் நிலைத்த இடங்களில் அது மலிவானது என்பதனால் மட்டும் நிலைக்கவில்லை. கற்பிக்கவும் திருத்தவும் வல்ல ஆசிரியர் பலர் அங்கே இருந்தமையால் நிலைத்தது. அது தளர்ந்த இடங்களிலே மென்பொருள் குறையுடையதாயிருந்தமை முதற்காரணமன்று. அதனை அறிந்தவர் ஒருவரோ இருவரோ ஆயிருந்து, அவர் நீங்கியபின் வெற்றிடம் தோன்றியமையே முதற்காரணம். திருத்தும் உரிமை ஏட்டளவில் எவர்க்கும் உண்டு. அதனைச் செலுத்தும் அறிவு ஊரில் இல்லையெனின் அவ்வுரிமை பூட்டிய பெட்டியுள் இருக்கும் செல்வத்தை ஒக்கும்.

சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தாற் பெயர்பெற்ற திருக்கோவிலையும் அதன் அயலூர்களையும் ஒத்த ஊர்களின் பாடசாலைகளுக்கு இவ்வாராய்ச்சி இன்று வெறும் பழங்கதையன்று. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10 பதிப்புக்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனையடுத்த பதிப்பு, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே உருபாவின் பெறுமதி வீழ்ந்தமையால், இறக்குமதியாகும் கணினியின் விலை பெற்றோர் சங்கங்களால் எட்டற்கரிதாயிற்று. உரிமமின்றிப் பிரதிசெய்த விண்டோஸைப் பயன்படுத்தல் பலவிடத்துப் பழகிப்போன வழக்கமாயினும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை அளிக்கின்றது. களவு தவறெனக் கற்பிக்கும் வகுப்பறையிலே அவ்வழக்கம் பொருந்தாது. அத்தகைய கணினிகளைக் களஞ்சியத்தில் ஒதுக்குவதா, காவலின்றி இணையத்தில் விடுவதா, வேறு முறைமையால் உயிர்ப்பிப்பதா என்பது ஒவ்வொரு பாடசாலையும் விடைகூற வேண்டிய வினாவாகும்.

மூன்றாம் வழியைத் தெரிவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் நன்று. முதலில் நினைவுக்கோலிலிருந்து லினக்ஸை இயக்கி, திரை, ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். சில அச்சுப்பொறிகள் இணங்க மறுப்பதுண்டு. நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சீஈ போன்ற இலேசான மேசைச்சூழல் பொருந்தும். ஒரே நாளில் யாவற்றையும் மாற்றாது, ஒன்றிரண்டு கணினிகளில் இரு முறைமைகளையும் அருகருகே வைத்து ஒரு தவணை பழகுதல் தகும். அலுவலகப் பணிகளுக்கு லிப்ரே ஒபிஸ் பெரும்பாலும் போதுமாயினும், வேறிடத்து ஆக்கப்பட்ட அட்டவணைகளும் பந்திகளும் இடம்பெயரக் கூடும். பாமினியில் எழுதிய பழைய வினாத்தாள்களைப் படித்தற்கு அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். ஆனால் புதியவற்றை யுனிக்கோடிலேயே எழுதும் வழக்கத்தை அன்றே தொடங்குதல் வேண்டும். விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கீட்டு அல்லது வடிவமைப்பு மென்பொருளை நம்பியுள்ள அலுவலகம், அதற்கென ஒரு கணினியை அவ்வாறே விட்டுவைத்தலில் இழுக்கில்லை. உயர்கல்விக்கும் தொழிலுக்கும் செல்லும் மாணவர் இரண்டையும் அறிந்திருத்தலே அவர்க்கு ஆக்கம்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஆள் ஆயத்தம். ஒரு பாடசாலையில் ஓராசிரியரும் நான்கு உயர்தர மாணவரும் முறைமையை நிறுவவும், பழுது காணவும், பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கவும் பயில்வாராயின், அம்மாணவர் வெளியேறுமுன் அடுத்த நால்வரைப் பயிற்றல் கூடும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்துக்கு அண்மையில் உள்ளது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கணினி திருத்துவோர் உளர். தமிழ், முசுலிம் பாடசாலைகள் ஒரே மொழியிற் கற்பிக்கின்றன. ஒருவர் தமிழில் எழுதும் கைந்நூல் மற்றவர்க்கும் பயன்படும். ஆழிப்பேரலையின்போது அயலவனைத் தேடிய கைகள் இதற்கும் இணைதல் அரிதன்று.

பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கிய பணியிலே ரெங்கநாதன் விசைப்பலகையும் இலங்கைத் தமிழின் நாட்பெயர்களும் இடம்பெற்ற வரலாறு, எளியோரும் பெரும்பணியிற் பங்குகொள்ளலாம் என்பதற்குச் சான்று. லினக்ஸின் தமிழ்ப் பட்டியல்களிலே இன்றும் மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் பல உள. பொருந்தா மொழிபெயர்ப்புகளும் உள. அவற்றைத் திருத்தத் திருக்கோவில் மாணவன் ஒருவனுக்கு உரிமை உண்டு. எவரும் தடை சொல்லார். அவ்வுரிமை அவனுக்கு உண்டென அவனுக்குச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவ்வாசிரியர் கிடைத்த ஊரிலே கிழிந்த வலை கரையிலே கிடந்து வீணாகாது.